வாளியும் கலயமும்

எங்கள் நண்பர் ஒருவர் சேலத்தில் குடியிருப்பவர், கணினித் துறையில் வேலை, தேர்ந்த வாசகர். சென்ற கோடையில் வீட்டிலேயே பியர் காய்ச்சுவதற்கான தொடக்கநிலைக் கருவித் தொகுப்பு ஒன்றை இணையம் வழியே வரவழைத்தார். பெட்டியைப் பிரித்தபோது நாங்கள் நால்வர் உடனிருந்தோம். உணவுத்தரப் பிளாஸ்டிக்கில் செய்த பெரிய வாளி, உள்ளிருக்கும் கரியமில வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத, மூடியில் பொருத்தும் சிறு நீரடைப்பு, சர்க்கரையின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடி மிதவைமானி, வெப்பமானி, சாறு இறக்கும் குழாய், புட்டிக்கு மூடி அழுத்தும் கைக்கருவி, கலங்களைக் கிருமி நீக்கும் பொடி, முளைகட்டிய பார்லியின் சாறு ஒரு டப்பா, ஹாப்ஸ், ஒரு பொட்டலம் ஈஸ்ட். எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்.

முதல் முயற்சி பாழாயிற்று. எந்த நிறுவனத்தின் குற்றமும் அன்று. சேலத்து வெயிலின் குற்றம். அந்த வகை ஈஸ்ட் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு பாகை வெப்பத்தில் நிதானமாக வேலை செய்யப் பழகியது. ஏப்ரல் மாதத்துச் சேலத்தில் மொட்டைமாடி அறையின் வெப்பம் அதைவிடப் பதினைந்து பாகையாவது கூடுதல். இரண்டே நாளில் பொங்கி அடங்கிய அந்தத் திரவத்தில் நகப்பூச்சு நெடி அடித்தது. இரண்டாம் முயற்சியில் ஏதோ ஒரு காட்டுக்கிருமி புகுந்து புளிக்க வைத்துவிட்டது. பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றை வாங்கி அதற்குள் வாளியை வைக்கலாமா என்று நண்பர் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்று மாலை அந்த வாளியைச் சுற்றி அமர்ந்து நாங்கள் பேசிய பேச்சு எங்களுக்கே பிறகு வெட்கத்தைத் தந்தது. பெல்ஜியத்து மடாலயங்களின் பியர், ஜெர்மானியர்களின் தூய்மைச் சட்டம், பெங்களூரில் புதிதாய்க் குடித்த கோதுமை பியர் என்று உலகெல்லாம் சுற்றினோம். ஓமலூர், சங்ககிரிப் பக்கம் வரப்போரம் நிற்கும் பனைகளைப் பற்றியோ, காவிரிக்கரையில் மோகனூர், பரமத்தி வேலூர்த் தோப்புகளைப் பற்றியோ ஒரு சொல் எழவில்லை. கள் இறக்கியவர் கைது, கலயங்கள் உடைப்பு என்று மாவட்டப் பக்கத்தின் மூலையில் அவ்வப்போது வரும் நான்கு வரிச் செய்தியை நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்தாம். எங்கள் நடுவில் இருந்த வாளிக்கும் அந்தக் கலயத்துக்கும் உறவுண்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

உறவு உண்டு. அதுவும் சட்டபூர்வமான உறவு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் உயிரோடிருக்கிறது. அதன் 4ஆம் பிரிவு மதுவை மட்டும் குற்றமாக்கவில்லை. கள் இறக்கவோ மது தயாரிக்கவோ பயன்படும் பொருள், பாத்திரம், கருவி எதையும் வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. சட்டத்தின் கண்ணில் நண்பரின் நீரடைப்பும் மரமேறியின் பாளை அரிவாளும் ஒன்றே. ஆனால் ஒன்றைக் கூரியர் பையன் வீட்டு வாசலில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போகிறான். இன்னொன்றை மரத்தடியில் வைத்து லத்தியால் உடைக்கிறார்கள். ஒன்றுக்குப் பொழுதுபோக்கு என்று பெயர். இன்னொன்றுக்கு மதுவிலக்கு வழக்கு என்று பெயர். இந்த ஓரவஞ்சனையைப் பற்றியும், அதில் இலக்கியக்காரர்களாகிய நமக்குள்ள பங்கைப் பற்றியுமே நாங்கள் இங்கு எழுத விரும்புகிறோம்.

*

வீட்டில் மது காய்ச்சுவது மேற்கிலிருந்து வந்த புதுக்கலை என்று எண்ணுகிறவர்கள் பத்துப்பாட்டை எடுத்துப் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் ஒரு செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாயகன்ற பிழாவில் கொட்டி ஆறவிட வேண்டும். நல்ல முளையை இடித்து அதில் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். பிழா, முளை, சாடி. நண்பரின் பெட்டிக்குள் இருந்தவை இவைதாம், பிளாஸ்டிக்கிலும் அலுமினியப் பொட்டலத்திலும். தானியத்தை முளைகட்டினால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகும், சர்க்கரை நொதித்தால் கள்ளாகும் என்ற அறிவு இங்கே அடுப்படி அறிவாக இருந்திருக்கிறது. வீட்டில் அடப்படும் கள்ளுக்குத் தோப்பி என்று தனிப்பெயரே வழங்கியது.

சேலத்துக்கு இன்னும் அருகில் வருவோம். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. 1937இல் அது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டில், அவன் கொடையைச் சொல்லத் தொடங்கும்போது அவர் முதலில் நினைப்பது கள்ளை அவன் பகிர்ந்த விதத்தை. குறைவாய்க் கிடைத்தால் எப்படி, நிறையக் கிடைத்தால் எப்படி என்பதை. அதைப் பாடம் நடத்துகிற பேராசிரியர்கள் பொருளை விளக்கிவிட்டு, அந்தக் கள் எங்கிருந்து வந்தது, யார் இறக்கியது என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டாம். அதே மொழியில்தான் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரமும் இருக்கிறது. இரண்டும் நம்முடையவை. குடியின் இன்பத்தையும் குடியின் கேட்டையும் ஒரே மொழி பாடியிருக்கிறது என்றால், அந்த வழக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தீர்க்கப்படாமல் நடக்கிறது என்று பொருள். அதை ஒருதலைப்பட்சமாகத் தீர்த்து வைத்தது இருபதாம் நூற்றாண்டு. தீர்த்து வைத்த இடம் நம்முடைய சமவெளி.

*

1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1929இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற மாத இதழ் வெளிவந்தது. மதுவிலக்குக்கென்றே நடத்தப்பட்ட இதழ். அதில் துணையாசிரியராக உழைத்தவர் கல்கி. தமிழ்நாட்டின் மிகப் பெரிய கதைசொல்லியின் கை பழகிய இடங்களில் ஒன்று கள்ளுக்கு எதிரான ஓர் இதழ் என்பது நமது இலக்கிய வரலாறுகளில் ஒரு வரியாக வந்து போகும். அந்த வரியில் நாங்கள் கொஞ்சம் நிற்க விரும்புகிறோம். இந்தச் சமவெளியில் கலயத்தை முதலில் உடைத்தது லத்தி அன்று, எழுத்து. அதற்கும் முன்பே ஈரோட்டில் 1921இல் நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். பெரியார் சேலம் தாதம்பட்டியில் தமக்கிருந்த ஐந்நூறு தென்னைகளை வெட்டச் செய்தார். பிற்காலத்தில் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற இருவரும் ஒன்றாய் நின்ற இடம் இது.

1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரான ராஜாஜி, தம் சொந்த மாவட்டமான சேலத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பெரிய சேலம் அது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் வந்ததுதான் விற்பனை வரி. அந்த மனிதர்களின் நேர்மையை நாங்கள் ஐயுறவில்லை. கூலிப்பணம் முழுதும் கடையில் கரைந்து, பிள்ளைகள் பட்டினி கிடந்த வீடுகளை அவர்கள் கண்ணால் கண்டார்கள். அரசின் வருவாயை இழக்கத் துணிந்து ஒரு கொள்கையை நடைமுறைப்படுத்தினார்கள். அந்தத் துணிவு அதன்பின் எத்தனை அரசுகளுக்கு இருந்தது?

பின்கதை எல்லோரும் அறிந்தது; ஆயினும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் அதன் விபரீதம் விளங்கும். 1948இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு. 1971இல் அது தளர்ந்தது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 1981இல் இரண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மீண்டும் தடை செய்யப்பட்டன. ஆலையில் செய்த மது மட்டும் தங்கியது. 2003இல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைக்காரனாயிற்று. 2023-24ஆம் ஆண்டில் அந்தக் கடைகள் வழியே அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ராஜாஜி தியாகம் செய்த வருவாயும் திரும்பி வந்துவிட்டது. அதற்கு ஈடாக அவர் கொண்டுவந்த விற்பனை வரியும் வேறு வேறு பெயர்களில் நிலைத்துவிட்டது. திரும்பி வராதது கலயம் மட்டுமே.

ஒரு சட்டம் நாட்டில் மது கூடாது என்று சொன்னால், உடன்படாவிட்டாலும் அதை மதிக்கலாம். மது உண்டு, ஆனால் அதைச் செய்யும் உரிமை ஆலைக்கு மட்டும் உண்டு, மரத்துக்கு இல்லை என்று சொல்லும் சட்டத்தை எந்த அறத்தின் பெயரால் மதிப்பது? மோகனூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையோடு, மொலாசஸ் என்னும் பாகுக் கழிவிலிருந்து எரிசாராயம் வடிக்கும் ஆலையும் சேர்த்து அமைக்கப்பட்டது. அதே மோகனூரில் தென்னம்பாளையில் கலயம் கட்டினால் குற்றம். இதற்கு மதுவிலக்கு என்று பெயர் வைத்தவர்கள் தமிழை அவமதிக்கிறார்கள்.

*

கள் என்றால் என்ன என்பதை வாளிக்கு முன் அமர்ந்திருந்த நாங்கள் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டோம். பாளையைச் சீவிய கணத்தில் வடிவது வெறும் இனிப்புச் சாறு. பழகிய கலயத்தின் உட்சுவரில் நேற்றைய ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது. காற்றிலும் பாளையிலும் இருக்கிறது. சாறு சொட்டச் சொட்ட நொதிக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் இளங்கள். ஒரு நாளில் நான்கைந்து விழுக்காடு போதைச்சத்து, ஏறக்குறைய ஒரு பியரின் அளவு. அதற்கும் மேல் வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். பொட்டலம் வேண்டாம், வெப்பமானி வேண்டாம், குளிர்பதனப் பெட்டி வேண்டாம். எங்கள் நண்பரின் வாளியைத் தோற்கடித்த அதே வெயிலில் விளைவது இது. பெட்டிக்குள் வந்த ஈஸ்ட் குளிர்நாட்டுப் பிறவி. கலயத்தின் ஈஸ்ட் இந்த மண்ணின் பிறவி.

அதே கலயத்தின் உள்ளே சுண்ணாம்பைத் தடவிவிட்டால் நொதிப்பு நின்றுவிடும். கிடைப்பது பதநீர். அது சட்டத்துக்கு உகந்தது. நெடுஞ்சாலையோரம் வைத்து விற்கலாம். ஆக, இந்த நாட்டில் ஒரு குடியானவனைக் குற்றவாளியிடமிருந்து பிரிப்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு. 2017இல் தென்னையிலிருந்து நீரா இறக்க அரசு இசைந்தது. அன்றைய முதலமைச்சர் சேலம் மாவட்டத்து எடப்பாடிக்காரர். ஆனால் அதற்கும் சாறு நொதித்துவிடாதபடி காக்க வேண்டும், பதிவுபெற்ற நிறுவனத்தின் வழியே வர வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனைகள். பனை நமது மாநில மரம். வெட்டினால் கேள்வி உண்டு. வெட்டக்கூடாது, அதிலிருந்து கள் இறக்கவும் கூடாது என்றால், வரப்பில் நிற்கும் அந்த மரத்தை உழவன் என்னதான் செய்வது?

*

இனி எதிர்வாதங்கள். அவற்றில் வலுவானவை உண்டு. அவற்றைக் கேலி செய்து கடப்பது எங்கள் நோக்கமன்று.

கள் மதுவே அல்ல, உணவு என்று கள்ளின் ஆதரவாளர்கள் மேடைகளில் முழங்குவதை நாங்கள் ஏற்கவில்லை. கள் மதுதான். அதிகம் குடித்தால் வெறிக்கும், நாளும் குடித்தால் அடிமையாக்கும். ஆனால் அதன் போதை நான்கைந்து விழுக்காடு; அரசு விற்கும் பிராந்தியில் 42.8 விழுக்காடு. வலியதை விற்றுக்கொண்டு எளியதைத் தடுக்கும் ஓர் அரசு, மக்களின் உடல்நலம் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறது.

கலப்படம் வரும் என்கிறார்கள். வரும். கள்ளில் மயக்கமருந்து கலந்த கொடுமைகள் நடந்திருக்கின்றன. கலப்படம் எங்கே செழிக்கிறது என்று பார்க்க வேண்டும்: இறக்கிய இடத்துக்கும் குடிக்கும் இடத்துக்கும் நடுவே லாரியும் ஏலதாரனும் நுழையும்போது. மரத்தடியில், தெரிந்தவன் இறக்கி, தெரிந்தவன் குடிப்பதில் அதற்கு இடம் குறைவு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைச் சுட்டுவார்கள். நமக்கு அண்டை மாவட்டம். சேலம் மருத்துவமனைக்கும் ஆட்களைத் தூக்கி வந்தார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால், ஆலைகளில் புழங்கும் நஞ்சு. பாளையில் அது விளைவதில்லை. அந்தத் துயரத்துக்குப் பின் சட்டத்தின் தண்டனைகளைக் கூட்டினார்கள். ஏழைக்கு எட்டும் விலையில் நஞ்சில்லாத ஒன்று ஏன் கிடைக்கவில்லை என்று மட்டும் கேட்கவில்லை.

மரமேறுதல் ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்ட ஆபத்தான தொழில், அதற்குப் புகழ்மாலை வேண்டாம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நியாயம். எவர் பிள்ளையும் பிறப்பின் பொருட்டு மரமேறக் கூடாது. ஆனால் தடை அவர்களை விடுவிக்கவில்லை, பிழைப்பை மட்டும் பறித்தது. கேரளம் 1969இலேயே கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இயற்றியது. அங்கே மரமேறி அரசின் கணக்கில் ஒரு தொழிலாளி. இங்கே காவல் நிலையத்தின் கணக்கில் ஒரு பெயர்.

மிகக் கனமான எதிர்வாதம் வீட்டுப் பெண்களுடையது. எந்தப் பெயரில் வந்தாலும் குடி எங்கள் வயிற்றில்தான் அடிக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது எங்களிடம் முழுமையான விடை இல்லை. ஒன்றைத்தான் சொல்ல முடியும்: கடைகளோடு கள்ளையும் கூடுதலாகச் சேர்க்கும் திட்டத்தை நாங்களும் எதிர்ப்போம். கள் வர வேண்டுமானால் கடைகள் குறைய வேண்டும்.

*

நாங்கள் கேட்பது சிறியது. மரமுடையவரும் மரமேறியும் சேர்ந்து, மரத்துக்கு இத்தனை கலயம், நாளுக்கு இத்தனை லிட்டர் என்று வரையறுத்து, அன்று இறக்கியதை அன்றே அவ்வூரிலேயே கொடுக்க ஓர் அனுமதி. புட்டியும் ஏலமும் லாரியும் வேண்டாம். மரமேறிக்குக் காப்பீடு வேண்டும். பிரிட்டன் 1963இல் வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்றது. அமெரிக்கா 1978இல் ஒரு வீட்டுக்கு இத்தனை காலன் என்று அளவு வகுத்து விட்டுக்கொடுத்தது. அந்த நாடுகள் அதனால் அழிந்துவிடவில்லை. சத்தீஸ்கரில் பழங்குடி மக்கள் வீட்டுத் தேவைக்குக் குறிப்பிட்ட அளவு வடித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. அளவு வகுத்து நம்புவது என்பது ஆளத் தெரிந்தவர்கள் செய்யும் காரியம்.

இலக்கிய நண்பர்களுக்கு ஒரு சொல். கூட்டம் முடிந்து விடுதி அறையில் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சங்கத்துத் தேறலைப் பற்றி விடிய விடியப் பேசுகிறோம். நறவு, அரியல், தேறல், தோப்பி என்று கள்ளுக்கு எத்தனை சொற்கள் என்று வியக்கிறோம். அந்தச் சொற்களைக் காப்பாற்ற அகராதி இருக்கிறது. பொருளைக் காப்பாற்றி வைத்திருந்த மனிதர்கள் வழக்கு நாளன்று நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறார்கள். அவர்களுக்காக நம்முடைய இதழ்களில் ஒரு தலையங்கம் வந்ததுண்டா? விமோசனத்தில் அன்று எழுதியவர்கள் தாங்கள் நம்பியதைத் துணிந்து எழுதினார்கள். நாம் குடிப்பதை எழுதுகிறோம், நம்புவதை எழுதுவதில்லை.

நண்பரின் வாளி மாடியில் கவிழ்ந்து கிடக்கிறது. அவர் மூன்றாம் முயற்சியைத் தொடங்கட்டும். அந்த ஆர்வத்தில் எங்களுக்குப் பகையில்லை. அந்த வாளி உடைபடக் கூடாது என்று நாங்கள் விரும்புகிறோம். அதே காரணத்துக்காகத்தான், பரமத்தி வேலூர்த் தோப்பில் கட்டியிருக்கும் கலயமும் உடைபடக் கூடாது என்கிறோம்.